மிகச் சிறந்தது யாருக்கு?

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற வினாவை எழுத்தாளரிடம் நாம் இடையறாது எழுப்பி வந்திருக்கிறோம். அவ்வினா எழுத்துக்கு நன்மையே செய்தது. ஆனால் அதே வினாவைக் கணிதத்தின் முன் வைப்பதற்கு நம்மிற் பலர் துணிவதில்லை. கவிதை மனிதரைப் பற்றியது, கணிதமோ எண்களைப் பற்றியது, எண்ணுக்கு வர்க்கமுமில்லை, இரக்கமுமில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். பல்கலைக்கழக ஆய்வரங்கொன்றிலே பத்துப் பன்னிருவர் கரும்பலகையை நோக்கி அமர்ந்து, புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றி வாதிடும்பொழுது அங்கே ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். வேலை உண்டு. அது எவ்விடத்தில் உண்டு என்பதைத் திட்டமாக வரையறுத்துக் கொள்ளாமையே குழப்பத்துக்குக் காரணமாகும்.

இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் துறை சேர்மானக் கணிதமும் அதனோடு பிறந்த உத்தமப்படுத்தற் கணிதமும் ஆகும். இத்துறையின் பிறப்பையும் ஆய்வரங்கு என்னும் அமைப்பின் பிறப்பையும் ஒரே நகரத்தோடு வரலாறு இணைத்து வைத்திருக்கின்றது. கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மாத்திரம் கடந்து உலாவி வர முடியுமா என்ற புதிரை 1736ஆம் ஆண்டில் ஒயிலர் ஆராய்ந்து, முடியாதென நிறுவினார். புள்ளிகளையும் கோடுகளையும் கொண்ட வரைபுக் கோட்பாடு அதிலிருந்து தோன்றியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1834இல், அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் யாக்கோபியும் பிரான்ஸ் நொய்மானும் கணிதத்துக்கும் பௌதிகத்துக்குமான ஆய்வரங்கொன்றை நிறுவினர். மாணவன் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதோடு நில்லாது, தானே ஆராய்ந்து பிறர்முன் எடுத்துரைத்து விமரிசனத்துக்கு உட்பட வேண்டும் என்பது அவ்வமைப்பின் நோக்கம். அந்நகரம் இன்று றஷ்யாவிலுள்ள கலினின்கிராட் ஆகும்.

ஆய்வரங்கின் சிறப்பு இதுதான்: அங்கே பதவி செல்லாது, நிறுவல் மாத்திரமே செல்லும். பேராசிரியர் ஒரு வரியிலிருந்து மறுவரிக்குத் தாவினால், பின்வரிசையில் இருக்கும் மாணவன் கையை உயர்த்தி, “அது எப்படி?” என்று கேட்கலாம். மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் 1943இல் கெல்பாண்ட் தொடக்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய திங்கட்கிழமை ஆய்வரங்கு, துறை வேறாயினும், இம்மரபுக்குப் பேர்போனது. பள்ளி மாணவரும் அங்கு வந்தமர்ந்தனர். பேச்சாளர் எவரும் குறுக்குக் கேள்விகளுக்குத் தப்பவில்லை. வயதையும் குலத்தையும் பதவியையும் பார்த்துப் பேசப் பழகிய சமுதாயங்களில் வாழும் நமக்கு இந்த மரபு எத்துணை அரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய அரங்கில் எல்லாக் கேள்விகளையும் கேட்க முடியுமாயின், அங்கே கேட்கப்படாத கேள்வி ஏதேனும் உண்டா?

இதற்கு விடை காண முன்னர், இத்துறை எதைச் செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். நேரசூசி தயாரித்த அனுபவமுள்ள ஆசிரியருக்கு இது புதிதன்று. பத்து ஆசிரியரைப் பத்து வகுப்புகளுக்கு, ஆளுக்கொன்றாக, ஒப்படைக்க வேண்டுமெனக் கொள்வோம். இதனை 3,628,800 வழிகளிற் செய்யலாம். ஆசிரியர் இருபதின்மரும் வகுப்புகள் இருபதுமாயின் வழிகளின் தொகை 19 இலக்கங்கள் கொண்ட எண்ணாகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிறந்ததைத் தெரிதல் மனித ஆயுளில் ஆகாத காரியம். எல்லாவற்றையும் பாராமலே மிகச் சிறந்ததைக் கண்டறிவதும், அதனிலும் சிறந்தது இல்லையென நிறுவுவதுமே உத்தமப்படுத்தற் கணிதத்தின் வெற்றி. இந்த ஒப்படைப்புப் பிரச்சினைக்கு அமெரிக்கரான ஹரோல்ட் கூன் 1955இல் ஒரு முறையை வெளியிட்டார். டேனஸ் கோனிக், எகர்வாரி என்னும் ஹங்கேரியக் கணிதவியலாளரின் முந்திய ஆய்வுகளே அதற்கு அடிப்படையாதலின், நன்றியறிதலோடு அதற்கு ஹங்கேரிய முறை எனப் பெயரிட்டார்.

முறை பழுதற்றது. ஆனால் அம்முறை தொழிற்படுவதற்கு முன் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்திருக்க வேண்டும். எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்குச் செல்வது எத்தனை புள்ளி பெறும் என்ற அட்டவணையை அவர் எழுதியிருக்க வேண்டும். பரீட்சைச் சித்திகளின் தொகையை உயர்த்துவது நோக்கமென அவர் எழுதினால், திறமைமிக்க ஆசிரியர் ஏற்கெனவே கெட்டிக்காரர் நிறைந்த வகுப்புக்குச் செல்லக்கூடும். மிகப் பின்தங்கிய வகுப்பை உயர்த்துவது நோக்கமென எழுதினால், அதே ஆசிரியர் கடைசி வகுப்புக்குச் செல்வார். ஆசிரியரின் வசதியே நோக்கமெனின், மூத்தவர் விரும்பியது மூத்தவருக்குக் கிடைக்கும். மூன்று விடைகளும் மிகச் சிறந்தவை. மூன்றும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டவை. எதற்குச் சிறந்தது என்பதைச் சொல்லும் முதல் வரியைக் கணிதவியலார் குறிக்கோட் சார்பு என்பர். அந்த முதல் வரியைக் கணிதம் எழுதுவதில்லை, மனிதர் எழுதுகின்றனர்.

இவ்வுண்மையின் முழுப் பாரத்தையும் உணர்த்தும் உதாரணம் ஒன்று வரலாற்றில் உண்டு. 1930இல் சோவியத் நாட்டில் ஏ. என். தோல்ஸ்தோய் என்பார் — நாவலாசிரியர்களான தோல்ஸ்தோய்களை இவரோடு மயங்கற்க — புகைவண்டிச் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உப்பு, சீமெந்து முதலான சரக்குகளை உற்பத்தியாகும் இடங்களிலிருந்து தேவைப்படும் இடங்களுக்கு மிகக் குறைந்த மொத்தத் தூரத்தில் எடுத்துச் செல்வது எவ்வாறு என்பது அவரது வினா. 10 உற்பத்தி நிலையங்களும் 68 சேரிடங்களும் கொண்ட உண்மையான பிரச்சினையொன்றுக்கு அவர் வழிகாட்டினார்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1955இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வுகள் செய்துவந்த றான்ட் நிறுவனத்திலே, ஹரிஸ் என்பாரும் ஓய்வுபெற்ற இராணுவத் தளபதி றொஸ்ஸும் இரகசிய அறிக்கையொன்றைத் தயாரித்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டதும் அதே சோவியத் நாட்டின் புகைவண்டிப் பாதைகளையே. 44 புள்ளிகளும் 105 இணைப்புகளும் கொண்ட வலையமைப்பாக அப்பாதைகளை வரைந்து, சோவியத் நாட்டிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு 163,000 தொன் வரை சரக்கு அனுப்பலாம் எனக் கணித்தனர். ஆனால் அவர்களை உண்மையிற் கவர்ந்த வினா எவ்வளவு அனுப்பலாம் என்பதன்று. எந்தெந்த இணைப்புகளை வெட்டினால், மிகக் குறைந்த செலவில் முழுப் போக்குவரத்தும் நின்றுவிடும் என்பதே. அவ்வறிக்கை 1999ஆம் ஆண்டு வரை இரகசியமாகவே இருந்தது. கணித வரலாற்றை ஆராய்ந்த ஒல்லாந்தக் கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஸ்கிரைவரின் வேண்டுகோளின்பேரிலேயே அஃது வெளிச்சத்துக்கு வந்தது.

அதே நிறுவனத்தில் அப்பிரச்சினையை எடுத்துக்கொண்ட போர்ட், புல்கேர்சன் என்னும் இருவர், கணிதத்தின் அழகுமிக்க தேற்றங்களுள் ஒன்றை நிறுவினர். ஒரு வலையமைப்பினூடாகச் செல்லக்கூடிய மிகப் பெரிய ஓட்டத்தின் அளவும், அதனைத் துண்டிக்கத்தக்க மிகச் சிறிய வெட்டின் அளவும் சரிசமம் என்பதே அத்தேற்றம். சரக்கை அனுப்ப விரும்புபவனும் அதைத் தடுக்க விரும்புபவனும் ஒரே எண்ணிலே வந்து சந்திக்கின்றனர். ஊட்டும் கைக்கும் வெட்டும் கைக்கும் ஒரே தேற்றம் பணிசெய்கின்றது. இத்தேற்றம் இன்று உலகெங்கும் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. அதைக் கரும்பலகையில் எழுதும்பொழுது குண்டுவீச்சு விமானங்களை நினைவூட்டுவோர் மிகச் சிலரே.

இங்கேதான் நமது வினா எழுகின்றது. கணிதவியலாளனின் பொறுப்பு தேற்றத்தோடு முடிந்துவிடுகின்றதா?

இதற்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. இரண்டும் பிழையானவை.

முதலாவது விடை, கணிதம் கத்தியைப் போன்றது என்பதாகும். கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும். குற்றம் கத்தியில் இல்லை என்பர். தேற்றத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் சரியே. ஓட்டமும் வெட்டும் சமம் என்ற உண்மைக்கு நண்பனுமில்லை, பகைவனுமில்லை. ஆனால் உத்தமப்படுத்தற் பிரச்சினை ஒன்று வெறும் தேற்றமாக நம்மிடம் வருவதில்லை. கத்தி நோக்கமின்றி மேசையிற் கிடக்கலாம். உத்தமப் பிரச்சினையோ நோக்கத்தைத் தன் முதல் வரியிலே எழுதிக்கொண்டு வருகின்றது. “இதனை மிகக் குறைவாக்குக”, “அதனை மிகக் கூட்டுக” என்னும் கட்டளை இல்லாவிட்டால் அது பிரச்சினையே அன்று. ஆகவே தேற்றம் மாசற்றதென்பதைக் கொண்டு பிரச்சினையும் மாசற்றதென வாதிட இயலாது. தேற்றம் ஓர் உண்மை. பிரச்சினையை வகுத்தல் ஒரு செயல். உண்மைக்கு அறம் தேவையில்லை. செயலுக்கு அது தேவை.

இரண்டாவது விடை நம்மவரிடையே செல்வாக்குப் பெற்றது. ஆதலின் அதனைக் கூடுதலான கண்டிப்போடு ஆராய வேண்டும். கணிதமே முதலாளித்துவக் கருவி, ஆகவே அது ஐயத்துக்குரியது என்பது அவ்விடை. இவ்விடையின் விளைவை அனுபவித்தவர் லெனின்கிராட் நகரின் கணிதவியலாளர் லியோனிட் கன்ரொரோவிச். ஒட்டுப்பலகை உற்பத்தி நிறுவனமொன்று, எட்டு இயந்திரங்களுக்கு ஐந்து வகை மூலப்பொருளைப் பங்கிட்டு உற்பத்தியைப் பெருக்குவது எவ்வாறு என அவரை அணுகிற்று. அச்சிறு வினாவிலிருந்து ஏகபரிமாண நிரலாக்கம் என இன்று வழங்கும் முழுத் துறையின் அடிப்படைகளையும் கண்ட அவர், 1939இல் அவற்றைச் சிறுநூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் டான்சிக் தமது முறையைக் காண்பதற்கு எட்டு ஆண்டுகள் முந்தியது இது.

பொதுவுடைமைத் திட்டமிடலுக்கு இதனினும் உவப்பான பரிசு வேறு யாது? ஆயினும் அவரது முறையில் ஒவ்வொரு மூலவளத்துக்கும் கணக்கிலிருந்தே ஒரு மதிப்பெண் தோன்றியது. அருமையான வளத்துக்கு உயர்ந்த மதிப்பும், மிஞ்சிக்கிடக்கும் வளத்துக்குச் சுழிய மதிப்பும் கிடைத்தன. உழைப்பே பெறுமதியின் ஊற்று என்னும் கோட்பாட்டுக்கு இஃது முரணானது, முதலாளித்துவப் பொருளியலின் சாயல் கொண்டது என்று கோட்பாட்டுக் காவலர் குறை கூறினர். போர்க்காலத்தில் அவர் எழுதிய பொருளியல் நூல் 1959இலேயே அச்சேறியது. 1965இல் லெனின் பரிசும், 1975இல் நொபெல் பரிசும் அவரைத் தேடி வந்தன. இடையிலே கழிந்த ஆண்டுகளை எவராலும் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. ஒரு நிறுவல் சரியா என்று பார்க்க வேண்டிய இடத்தில், அது எவருடைய முகாமுக்குரியது என்று பார்த்ததன் விலை அது. முற்போக்காளர் இதனை மறக்கலாகாது.

ஆகவே கணிதத்தை வணங்குவதும் வேண்டாம், வெறுப்பதும் வேண்டாம். வேண்டுவது, அதன் முதல் வரியை வாசிக்கக் கற்றுக்கொள்வதே. அவ்வாறு வாசித்தோர் வென்ற வரலாறும் உண்டு.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி மாணவரைப் பயிற்சிக்காக மருத்துவமனைகளுக்கு ஒப்படைக்கும் பொதுத் திட்டம் 1950களின் தொடக்கத்தில் உருவானது. மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவர். மருத்துவமனைகள் மாணவரை வரிசைப்படுத்தும். முதலில் முன்மொழியப்பட்ட முறை, தம் விருப்பத்தை உண்மையாக எழுதும் மாணவரைத் தண்டிக்கும் என்பதை மாணவரே கண்டுபிடித்து எதிர்த்தனர், முறை மாற்றப்பட்டது. 1962இல் கேல், ஷாப்லி என்னும் இரு கணிதவியலாளர், இத்தகைய பிரச்சினையில் எவரும் உடைத்துக்கொண்டு வெளியேற விரும்பாத உறுதியான ஒப்படைப்பு எப்பொழுதும் உண்டென நிறுவினர். அவர்களது ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று: உறுதியான ஒப்படைப்புகள் பல இருப்பின், விண்ணப்பிக்கும் பக்கத்தார் தமக்கு மிகச் சிறந்ததைப் பெறுவர், விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கும் பக்கத்தார்க்கு மிகக் கீழானதே எஞ்சும்.

அமெரிக்கத் திட்டத்திலே முதலில் அழைப்பு விடுத்த பக்கம் மருத்துவமனைகளே. பல ஆண்டுகளாக நடுநிலையான பொறிமுறை எனக் கருதப்பட்டது, உள்ளே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அல்வின் றொத் முதலியோர் இதனை வெளிக்கொணர்ந்தனர், மாணவரும் குரலெழுப்பினர், 1998ஆம் ஆண்டிலிருந்து மாணவரே முதலில் விண்ணப்பிக்கும் வகையில் முறை திருத்தப்பட்டது. திருத்தத்தால் வேறிடம் பெறுவோர் ஆயிரத்தில் ஒருவரளவே என ஆய்வுகள் கூறின. அளவு சிறிதென்பது மெய். ஆனால் இளைத்தவர் பக்கம் சாயக்கூடிய ஒரு தராசை வலியவர் பக்கம் சாய்த்து வைப்பதற்கு நியாயமேதும் இருக்கவில்லை என்பதும் மெய். அச்சாய்வைக் காட்டிக் கொடுத்தது கணிதமே என்பதைக் கவனிக்க வேண்டும். மறைந்திருந்த பட்சபாதத்தைத் தேற்றமொன்று பகிரங்கப்படுத்தியது. கணிதத்தை வெறுத்திருப்பின் இவ்வாயுதம் மாணவர் கைக்கு எட்டியிராது.

முதல் வரியை எழுதும் கை மாறினால் வினாவே எவ்வாறு மாறும் என்பதற்கு ஹங்கேரி நாடு இன்னோர் உதாரணம் தருகின்றது. 1930களில் அந்நாட்டில் யூதருக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் ஒடுக்கப்பட்டிருந்தன. கற்றோர்க்கும் பதவிகள் கிட்டவில்லை. ஏர்டொஷ், தூரான், கல்லாய், செகெரெஷ், எஸ்தர் கிளைன் முதலான இளைஞர் குழுவொன்று புடாபெஸ்ற் நகரப் பூங்காவிலே, பெயரறியாத பழைய வரலாற்றாசிரியன் ஒருவனின் சிலையடியிற் கூடிக் கணிதம் பேசிற்று. சுவரற்ற ஆய்வரங்கு அது. அவர்களிற் சிலருக்கு ஆசானாயிருந்த கோனிக், பாசிச அம்புச்சிலுவைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய 1944 ஒக்ரோபரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அதே ஆண்டில் தூரான் கட்டாய உழைப்புப் படையில் அடைபட்டு, புடாபெஸ்ற் அருகே ஒரு செங்கற் சூளையில் வேலை செய்தார். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு களஞ்சிய முற்றத்துக்கும் தண்டவாளம் போடப்பட்டிருந்தது. செங்கல் ஏற்றிய வண்டிகளைத் தள்ளுவது கடினமன்று. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலேதான் வண்டி தடம் புரண்டு செங்கற்கள் சரிந்தன. அங்கே உழைப்பும் நேரமும் விரயமாயின. அவ்வேதனையின் நடுவே அவர் மனத்தில் ஒரு வினா எழுந்தது: வெட்டும் இடங்கள் மிகக் குறைவாக அமையும்படி தண்டவாளங்களை எவ்வாறு இடுவது? போர் முடிந்து, 1952இல் போலந்துக்குச் சென்றபொழுது அங்குள்ள கணிதவியலாளரிடம் இவ்வினாவை வைத்தார். சரன்கியேவிச் விடை கண்டதாக நிறுவலொன்றை வெளியிட்டார். 1960களில் அந்நிறுவலிலே ஓட்டையிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பொதுநிலையில் அப்பிரச்சினை இன்றுவரை தீரவில்லை.

சூளையின் மேற்பார்வையாளனும் ஒரு பிரச்சினையை வகுத்திருப்பான்: ஒரு நாளில் எத்தனை செங்கல்? வண்டி தள்ளியவனோ, வண்டி எங்கே புரளும் என்று கேட்டான். இடம் ஒன்று; சூளைகளும் முற்றங்களும் அவையே; ஆனால் வினாக்கள் இரண்டு. அனுபவம் எந்தத் தோளில் இறங்குகின்றதோ, அந்தத் தோளிலிருந்தே அதற்குரிய வினா பிறக்கும். தூரான் கணிதவியலாளராயிருந்தமையின் தள்ளியவனின் வினா ஆய்வரங்கை எட்டிற்று. கணிதம் கல்லாத எத்தனை கோடித் தோள்களின் வினாக்கள் எந்த அரங்கையும் எட்டாமலே மடிந்திருக்கும்!

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஒவ்வொரு தேற்றத்துக்கும் சமூகப் பயன் காட்டச் சொன்னால் ஆராய்ச்சி முடங்கிவிடும் என்பர். உண்மையே. தூய எண்கோட்பாடு போருக்குப் பயன்படாது என்று 1940இல் ஹார்டி ஆறுதலடைந்தார்; பின்னாளில் அதே கோட்பாடு மறைகுறியீட்டின் அடித்தளமாயிற்று. எதிர்காலப் பயனை எவரும் முன்னறிய முடியாதாதலின், அதன்பேரில் ஆராய்ச்சியைத் தடைசெய்தல் மடமை. நாம் கேட்பது அதுவன்று. ஒருவர் தமது விடையை “மிகச் சிறந்தது” எனச் சபையிலே அறிவிக்கும்பொழுது, எதற்கு, யாருக்கு என்பதையும் அதே சபையிலே சொல்ல வேண்டும் என்பதே நமது கோரிக்கை. இதனால் ஆராய்ச்சி முடங்காது, நேர்மை கூடும்.

இக்கோரிக்கை இன்று அவசரமானது. உணவுப் பொதியைச் சுமந்து நகரத் தெருக்களில் விரையும் இளைஞனின் பாதையையும், கடைச் சிப்பந்தியின் வேலை நேரத்தையும், கிடங்குத் தொழிலாளியின் ஒவ்வொரு நடையையும் இன்று உத்தமப்படுத்தும் கணினி நிரல்களே பல நாடுகளில் தீர்மானிக்கின்றன. “ஏன் இப்படி?” என்று அவன் கேட்டால், கணினி அப்படித்தான் சொல்கின்றது என்ற விடையே கிடைக்கின்றது. முன்னாளில் விதியின்மேற் போட்டதை இந்நாளிற் கணிதத்தின்மேற் போடுகின்றனர். கணினி சொல்லவில்லை, யாரோ ஒருவர் எழுதிய முதல் வரியைக் கணினி நிறைவேற்றிற்று. அந்த இளைஞனின் களைப்பு அவ்வரியில் எழுதப்படவில்லை. எழுதப்படாதது கணக்கிலே சுழியமாகும்.

ஆசிரியராகிய நமக்கு இதில் நேரடியான பங்குண்டு. ஏகபரிமாண நிரலாக்கத்தைக் கற்பிக்கும் பாடநூல்களிலே மேசையும் கதிரையும் செய்யும் தொழிற்சாலையொன்று தவறாது வரும். அதன் இலாபத்தை உச்சமாக்கும்படி மாணவன் கேட்கப்படுவான். தொழிலாளரின் மணித்தியாலங்கள் மரத்தோடும் ஆணியோடும் சேர்ந்து ஒரு கட்டுப்பாடாக வரும். மாணவன் வரைபு கீறிப் புள்ளியைக் கண்டுபிடித்து முழுப் புள்ளியும் பெறுவான். அக்கணக்கைச் செய்விக்க வேண்டாமென எவரும் சொல்லார். செய்து முடித்தபின் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: இதே தொழிற்சாலையைத் தொழிலாளி வகுத்தால் முதல் வரி எவ்வாறிருக்கும்? ஊதியம் இவ்வளவுக்குக் குறையாதிருக்க, வேலைநேரத்தை மிகக் குறைவாக்குக என்று அவன் எழுதக்கூடும். அதே சமனிலிகள், அதே வரைபு, அதே முறை. புள்ளி மாத்திரம் நகரும். அப்புள்ளி நகர்வதை ஒருமுறை கண்ட மாணவனிடம், இதுதான் விஞ்ஞானம் விதித்த ஒரே வழி என்று பின்னாளில் எவரும் சொல்லி ஏய்க்க முடியாது.

நிறுவலைச் சோதிக்கும் உரிமை கடைசி வரிசை மாணவனுக்கும் உண்டென்பது ஆய்வரங்கு உலகுக்கு அளித்த கொடை. குறிக்கோளைச் சோதிக்கும் உரிமை, அக்குறிக்கோளின் பாரத்தைச் சுமப்பவனுக்கு உண்டென்பது இன்னும் எய்தப்படாத கொடை. முதலாவது உரிமை ஒருநாளிற் கிடைத்ததன்று. கேட்கத் துணிந்தவர்கள் கேட்டுக் கேட்டு மரபாக்கியது. இரண்டாவதும் அவ்வாறே கிடைக்கும். அதற்குக் கணிதத்தை நன்றாகக் கற்றவர்கள் நம் பக்கத்தில் வேண்டும்.